வாத்து இருந்த இடம்

சிரிக்க வைப்பது ஒரு வரம் என்றுதான் சடகோபன் நினைத்திருந்தார்.

ஐம்பத்துமூன்று வயது. அதில் பாதிக்கு மேல் மென்பொருள் நிறுவனங்களில் கழிந்திருந்தது. வேலையை விட்ட பிறகு கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்ககத்தில் குடியிருந்தார். காலையில் நடை, சாயங்காலம் தியானம், இரண்டுக்கும் நடுவில் இணையத்தில் ஒரே ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்குப் பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். யாரையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்ட மாட்டார். சின்னதாக ஒரு ஊசி ஏற்றுவார், அவ்வளவுதான். ஊசி ஏறியவரைத் தவிர மற்ற எல்லோரும் சிரிப்பார்கள்.

தியானம் உமையாளிடம். டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு கூடம். விற்பனைக்கு அடுக்கிய கம்மோடுகளையும் வாஷ்பேசின்களையும் சுற்றிக்கொண்டுதான் படியேற வேண்டும். உமையாள் முன்பு கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர், சடகோபனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இருந்தாலும் சடகோபன் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். உமையாள் தன் சீடரை சார் என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும்.

அந்தப் புதன்கிழமை, தியானத்தில் உட்கார்ந்து எழுந்து எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சடகோபன் அன்றைய வரியை வாசித்துக் காட்டினார்.

விஷயம் இது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் எதிரே நாலைந்து பேர் சில நாட்களாகப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எழுதிய நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் என்று சொல்லிக்கொண்டு அலையும் கூட்டம். கொடி கிடையாது, கோஷம் கிடையாது. ஜமக்காளத்தை விரித்து, மஞ்சள் பிளாஸ்டிக் வாத்துகளை வரிசையாக வைத்து, அவற்றிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ பஸ்ஸில் போகும்போது வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே சடகோபன் எழுதியிருந்தார்: "வாத்துகளின் ஒரே கோரிக்கை: குளம்."

கூடம் சிரித்தது. உமையாளும் சிரித்தார், சுண்டல் புரையேறும் அளவுக்கு.

தண்ணீர் குடித்துவிட்டு, அதென்ன வாத்து என்று விசாரித்தார்.

சடகோபன் விளக்கினார். மென்பொருள் எழுதுகிறவர்கள் சிலர் மேசையில் ஒரு வாத்துப் பொம்மை வைத்திருப்பார்கள். எழுதியது ஓடாமல் மக்கர் பண்ணினால், முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக அந்த வாத்துக்கு எடுத்துச் சொல்வார்கள். இந்த வரி இதைச் செய்யும், அடுத்த வரி அதைச் செய்யும் என்று. வாத்துக்கு ஒன்றும் தெரியாது என்பதால் எதையும் விட்டுவிட முடியாது. சொல்லிக்கொண்டே வரும்போது தப்பு எங்கே என்று சொல்கிறவருக்கே பிடிபட்டுவிடும். சடகோபனிடமும் ஒரு காலத்தில் ஒரு வாத்து இருந்தது. ஆனால் அது ஆபீஸ் அறைக்குள் செய்கிற காரியம். அதைப் போய் ரோட்டில் செய்வது, வீட்டில் கட்டுகிற லுங்கியோடு மேடை ஏறுகிற மாதிரி.

மறுபடி சிரிப்பு.

"என்ன பேசுறாங்க சார்?" என்றார் உமையாள். 

"யாரும்மா?"

"அவங்க. வாத்துக்கிட்ட."

சடகோபனுக்குத் தெரியவில்லை. வீடியோவை அவர் சத்தம் வைக்காமல் பார்த்திருந்தார்.

அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் வேறு பக்கம் போனார். தன் வாழ்நாளில் பார்த்த போராட்டங்களை எல்லாம் அடுக்கினார். மெழுகுவர்த்தி பிடித்தது, கைகோத்து நின்றது, இணையத்தில் லட்சம் பேர் படத்தைக் கறுப்பாக்கிக்கொண்டது. எதிலாவது ஒரு செங்கல் நகர்ந்ததா? ஒன்றும் ஆகவில்லை. இப்போது வாத்து வேறு. கடைசியில் நிஜமாகவே கேட்டார், அதில் கிண்டல் இல்லை.

"எந்தப் போராட்டம்தாம்மா பலிக்கும்?"

உமையாள் சுண்டல் பொட்டலத்தைக் கசக்கி ஓரமாக வைத்தார்.

"என் ஸ்கூட்டி சர்வீஸுக்குப் போயிருக்கு. நாளைக்கு உங்க கார்ல கூட்டிட்டுப் போறீங்களா? கேட்டுட்டு வரலாம்."

மறுநாள் நாலு மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாத்துகளைக் காணோம். நீலச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் அவற்றை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் வாரிப் போட்டுத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஜமக்காளம் மட்டும் பூவரச மர நிழலில் கிடந்தது. அதன் ஒரு முனையில் ஒரு பெண் மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு இமைகளும் மூடியிருந்தன.

குடுமி வைத்த ஒரு இளைஞன் இவர்களை வரவேற்றான். இன்பராஜ் என்று பெயர் சொன்னான். அந்தக் கூட்டத்தின் தலைவன் மாதிரித் தெரிந்தான்.

அவன் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. அந்தப் பெண் பொற்கொடி. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் தற்காலிக ஆசிரியை. நிரந்தர வேலைக்கான தேர்வு வருகிறது. வயது நாற்பதை நெருங்குகிறது, இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை எழுத முடியாது. விண்ணப்பத்தைப் போனில் ஒரு செயலி வழியாகத்தான் பதிய வேண்டும். அந்தச் செயலியைச் செய்தது இந்தக் கண்ணாடிக் கட்டடம். அது அவளை உள்ளே விட மாட்டேன் என்கிறது. நாளை வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு பதிவு முடிகிறது.

"பொம்மையை ஏன்ப்பா எடுத்துட்டுப் போறாங்க?" என்று கேட்டார் உமையாள்.

"எவரோ ஒருத்தர் குளம் வேணும்னு ஜோக் எழுதிட்டார்ங்க. அது சுத்திச் சுத்தி உள்ள பெரியவங்க வரைக்கும் போயிருச்சு. நேத்து வரைக்கும் எங்களை யாரும் சீண்டலை. இன்னிக்குக் கம்பெனி மானம் போகுதுன்னு பிடுங்கிட்டாங்க."

சடகோபன் பூவரச மரத்தை அண்ணாந்து பார்த்தார். உமையாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பொற்கொடி காதில் இதெல்லாம் விழுந்திருந்தது. "அந்த ஜோக்கை என் தங்கச்சி படிச்சுக் காட்டினா. நல்லாத்தான் இருந்துச்சு. நானும் சிரிச்சேன்" என்றாள். "இப்ப நான் யார்கிட்டப் பேசுறது, அதைச் சொல்லுங்க."

உள்ளே வேலை செய்கிறவர்கள் டீ குடிக்க இறங்கி வருவது இந்த நேரத்தில்தான். எதிரே இருக்கும் கடைக்குப் போக அவர்கள் இந்த மரத்தைத் தாண்டியாக வேண்டும். வேறு வாத்து வாங்கி வரலாம் என்றால் அதற்குள் டீ நேரம் முடிந்துவிடும். என்னிடம் பேசுங்கள் என்றான் இன்பராஜ். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ நடுவுல பேசுவே. நேத்தே எத்தனை தடவை குறுக்க வந்தே."

"சார்" என்றார் உமையாள். "நீங்க உட்காருங்க."

"எங்கம்மா?"

"வாத்து இருந்த இடத்துல."

சடகோபன் சாலையைப் பார்த்தார். பஸ்கள் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தன. எல்லா ஜன்னலிலும் ஒரு போன்.

"யாராவது வீடியோ எடுத்துப் போட்டா?"

"போடட்டும். மேல என்ன எழுதலாம்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

அவர் செருப்பைக் கழற்றினார். முட்டி மடங்க மறுத்தது. எப்படியோ சம்மணமிட்டு, பொற்கொடிக்கு எதிரே ஜமக்காளத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தார்.

"வந்தாச்சா?" என்றாள் பொற்கொடி. "இங்க பாருங்க, பதில் சொல்லக் கூடாது. ம் கொட்டக் கூடாது. முக்கியமா, ஐயோ பாவம்னு நினைக்கக் கூடாது. வாத்து அப்படி நினைக்காது."

பிறகு ஆரம்பித்தாள்.

செயலியைத் திறப்பதிலிருந்து ஆரம்பித்தாள். போன் ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டுகிறது, நான் தொட்டுத் தொட்டுப் போகிறேன். பெயர் கேட்கிறது, கொடுக்கிறேன். பிறந்த தேதி கேட்கிறது, கொடுக்கிறேன். முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொல்கிறது. வட்டம் எங்கே என்று சொல்வதில்லை. அதனால் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, மூக்குக்கும் போனுக்கும் நடுவில் ஒரு சாண் விட்டு, அசையாமல் இருந்து பழகிக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு தடவையும் முகம் சரியாக விழுந்துவிடுகிறது.

குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லித்தருகிற நிதானம்.

சடகோபனுக்கு விஷயம் இங்கேயே பிடிபட்டுவிட்டது. அடுத்து என்ன கேட்கும், அதை எப்படிச் சரிசெய்யலாம், கட்டடத்துக்குள் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் மனதில் வந்து நின்றன. நாக்கு நுனி அரித்தது. வாத்து பேசக் கூடாது. வாயை மூடிக்கொண்டார். அவர் நினைவு தெரிந்து, தனக்குப் பதில் தெரிந்த ஒரு கேள்விக்கு முன்னால் சும்மா இருந்ததே இல்லை. உடம்புக்குள் எதுவோ திமிறியது. பிறகு, ரொம்ப மெதுவாக, அடங்கியது.

"அடுத்தது, கண்ணைச் சிமிட்டவும்னு சொல்லும்" என்றாள் பொற்கொடி. "எனக்குப் பிறவியிலேயே கண் வரலை. இமை மூடினது மூடினபடிதான். சிமிட்ட வராது. அது கொஞ்ச நேரம் காத்திருக்கும். அப்புறம், உயிருள்ள நபர் கண்டறியப்படவில்லைன்னு சொல்லும்."

டீக்கடைக்குப் போகிற கும்பலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

"இதை எழுதினவர் மேல எனக்குக் கோவம் இல்லை. அவர் எதுக்கு எழுதினார்னு யோசிச்சேன். என் பேர்ல வேற யாராவது பரிட்சை எழுத வந்தா? என் போட்டோவைக் காட்டி ஏமாத்தினா? போட்டோ சிமிட்டாது. அதனால சிமிட்டச் சொல்லலாம்னு வச்சார். என் பேரை யாரும் திருடிடக் கூடாதுன்னுதான் வச்சார். அந்த வரி வரைக்கும் அவர் என் பக்கம்தான்."

மடியிலிருந்த போனைத் திருப்பி வைத்தாள்.

"அடுத்த வரியிலதான் தனியா விட்டுட்டார். சிமிட்டலைன்னா போட்டோன்னு எழுதிட்டார். நான் போட்டோ இல்லை."

சடகோபன் பார்த்த எந்தக் கூட்டத்திலும் எதிர்த்தரப்பின் நியாயத்தை இத்தனை சுத்தமாக யாரும் எடுத்துச் சொல்லி அவர் கேட்டதில்லை. அவரே சொன்னதில்லை.

"அவ்வளவுதான்" என்றாள். "இன்னும் சரியாகலை. அதனால மறுபடி முதல்லேர்ந்து சொல்றேன்."

செயலியைத் திறப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அதே நிதானம். ஒரு சொல் கூட அவசரப்படவில்லை.

அவள் மூக்குக்கும் போனுக்கும் நடுவில் ஒரு சாண் என்று சொன்னபோது ஜமக்காளத்தின் ஓரத்தில் ஒரு ஜோடி கால்கள் வந்து நின்றன. சடகோபன் தலையை நிமிர்த்தவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு இளம்பெண், கையில் டீ. அட்டையில் நஸ்ரின் என்று இருந்தது. நின்றுகொண்டே கேட்டாள். போகப் பார்த்தாள். போகவில்லை. பிறகு டீயைத் தரையில் வைத்துவிட்டு, சடகோபனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது சுற்றில் அவளைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். என்னடி இது என்று ஒருத்தன் ஆரம்பித்தான். அவள் உதட்டில் விரல் வைத்தாள். அவர்களும் உட்கார்ந்தார்கள். அப்புறம் வந்தவர்களுக்கு ஜமக்காளத்தில் இடம் இல்லை, பூவரசம் பூக்கள் உதிர்ந்து கிடந்த மண்ணிலேயே இஸ்திரி போட்ட பேண்ட்டோடு உட்கார்ந்தார்கள். டீ குடித்துத் திரும்பியவர்கள் நின்றார்கள். சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு ஒருவர் வந்தார். நரை விழுந்த ஒரு அதிகாரி கார்க் கதவைத் திறந்தவர் அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் குந்தினார்.

யாரும் கை தட்டவில்லை. யாரும் போனை உயர்த்தவில்லை. சாலையில் அத்தனை ஹாரன்கள் அடித்தும் அந்த மரத்தடியில் அவள் மூச்சு வாங்குவது கூடக் கேட்டது. சடகோபன் பெரிய கோயில்களில் கருவறைக் கதவு திறக்கும் நேரத்தில் கூட்டம் அடங்குவதைப் பார்த்திருக்கிறார். அது இப்படித்தான் இருக்கும்.

காவலாளி அவர்களைக் கலைக்க வந்தார். யாரைக் கலைப்பது என்று தெரியாமல் நின்றார். எல்லோருமே அவர் தினமும் சலாம் வைக்கிற ஆட்கள். கையிலிருந்த அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தார். பெட்டியை யாரும் திறக்கவில்லை.

பொற்கொடிக்கு இது எதுவும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை எதிரே ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது. எத்தனையாவது முறையோ, போட்டோ சிமிட்டாது என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் தடைபட்டாள்.

"போட்டோ பேசவும் பேசாது" என்றாள் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல. "அது எதையாவது சொல்லச் சொன்னா, நான் சொல்லிருவேனே."

கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அவள் தலையைச் சாய்த்தாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காத்து நின்னுபோச்சு. யாரெல்லாம் உட்கார்ந்திருக்கீங்க?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் எல்லோருடைய மேசையிலும் ஒரு காலத்தில் ஒரு வாத்து இருந்திருக்கும்.

பொற்கொடி சிரித்தாள். "சரி" என்றாள். "முதல்லேர்ந்து சொல்றேன்."

நஸ்ரின் எழுந்தாள். சத்தம் வராமல் துப்பட்டாவைத் தட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போனாள். நடந்து போகவில்லை, ஓடினாள். நரை விழுந்த அதிகாரி அவள் பின்னாலேயே போனார். அவர் கார்க் கதவு திறந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்பராஜ் போன் செய்தான். பேச்சு முன்னுக்குப் பின்னாக வந்தது. குரல் வழியாகச் சோதிக்கிற முறையை அந்த நிறுவனம் வேறு யாருக்கோ எப்போதோ எழுதி வைத்திருந்ததாம். வேண்டாம் என்று மூடிப் போட்டிருந்தார்களாம். ராத்திரி பூராவும் ஏழெட்டுப் பேர் வீட்டுக்குப் போகாமல் அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். காலையில் செயலி பொற்கொடியிடம் நாலு எண்களைச் சொல்லச் சொன்னது. அவள் சொன்னாள். உள்ளே விட்டது.

"எண்ணைச் சொல்லச் சொன்னா அக்கா பாடிட்டாங்க சார்" என்றான். "அதுக்கும் ஒத்துக்கிச்சு."

சடகோபன் போனை வைத்தார். அன்றைக்கு அவர் புது வரி எதுவும் எழுதவில்லை. குளம் என்று எழுதிய வரியைத் தேடி எடுத்தார். அதன் கீழே, இதை எழுதியது தப்பு என்று அவர் எழுதினார். சிலர் அதையும் ஜோக் என்று நினைத்துச் சிரித்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை கூடத்துக்குப் போனார். உமையாள் மட்டும் இருந்தார். பாய்களை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். சடகோபன் ஒரு பாயின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் உதறினார்கள்.

"அம்மா, அன்னிக்குக் கேட்டதையே கேக்குறேன். லட்சம் பேர் கத்தி நடக்காதது இங்க எப்படி நடந்துச்சு?"

உமையாள் பாயை மடித்தார்.

"அவ கோவப்படாததனாலயா?"

"அவளுக்குக் கோவம் இல்லைன்னு யார் சொன்னா?"

"அப்ப, அவங்க நியாயத்தையும் சேத்துச் சொன்னாளே, அதனாலயா?"

"போன வாரம் பூராவும் அதையேதான் சொல்லிருக்கா. எல்லாரும் தாண்டிப் போய் டீ குடிச்சிட்டு வந்தாங்க."

சடகோபன் யோசித்தார். வாத்தைவிட மனுஷன் உட்கார்ந்தது பெரிய விஷயமா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கக் கூச்சமாக இருந்தது. தான் அங்கே ஒன்றுமே செய்யவில்லை, அடித்து வைத்த கல் மாதிரி உட்கார்ந்திருந்தது மட்டும்தான் என்றார்.

"நஸ்ரின்னு ஒரு பொண்ணு வந்து நின்னாளே" என்றார் உமையாள். "நின்னுட்டுப் போகப் பார்த்தா."

"ஆமா."

"அப்ப நீங்க நட்டநடுவுல உட்கார்ந்திருந்தீங்க."

"ஆமாம்மா."

"கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டீங்க."